பதிவில் கிடந்த பெயர்

“…முழுக்கத் துடைச்சுப் போட்டன் எண்டுதானே தம்பி சொல்லுறன்! இது இன்னும் உள்ளுக்க இருக்கெண்டு நிக்குது. என்னைவிடப் பிடிவாதம்.”

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், இரண்டாம் மாடியில் தனியாக இருந்த டீச்சர் கதவைத் திறந்தபடியே கதைத்தார். புத்தகம் பார்த்துக் கம்ப்யூட்டர் திருத்தப் பழகியவன் நான். அவருடைய மகன் லண்டனிலிருந்து ஒரு சீடி அனுப்பியிருந்தான். இன்டர்நெட்டில் கதைக்கும் மென்பொருளின் புதிய பதிப்பு. அதில் முகமும் தெரியுமாம். நாலு வருஷமாக அந்த முகத்தை அவர் பார்க்கவில்லை. நாலு மணிக்குக் கூப்பிடுவான். அப்போது மூன்றேகால்.

பழையதை அகற்றினால்தான் புதியது ஏறும். டீச்சரோ, பொலிஸும் ஆமியும் வீடு வீடாகச் செக்கிங் வருமுன் வேண்டாத கடுதாசியெல்லாம் கிழித்தெறிந்து பழகிய கை. பழைய மென்பொருளின் ஃபோல்டரை அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டு, தொட்டியையும் காலி செய்திருந்தார். அகற்றும் கருவியும் அதோடு போய்விட்டது.

“சாமான் போயிட்டுது டீச்சர். ஆனா கம்ப்யூட்டர்ட பதிவில பேர் கிடக்கு. பேர் கிடந்தா ஆள் இருக்கெண்டுதான் இது நம்பும்.”

“எங்கட பொலிஸ் பாரம் மாதிரியெண்டு சொல்லும்!”

சிரித்துக்கொண்டே, கலண்டருக்குப் பின்னாலிருந்து வீட்டில் இருப்பவர்களின் பெயர் எழுதிப் பொலிஸ் முத்திரை குத்திய பதிவுப் பாரத்தை எடுத்துக் காட்டினார். மகனின் பெயர் அப்படியே இருந்தது.

“செக்கிங் வாற ஒவ்வொரு முறையும் ‘புத்தா கோ’ எண்டு சிங்களத்தில மகன் எங்கையெண்டு கேப்பாங்கள். லண்டன் எண்டுவன். பேரை வெட்டுங்கோ எண்டுவாங்கள். ஓம் ஓம் எண்டுவன்.”

“பிறகு?”

“நீர் உம்மட வேலையப் பாரும்.”

கம்ப்யூட்டரின் பதிவை ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, அதில் அந்த மென்பொருளின் பெயரைத் தேடித் தேடி அழித்தேன். ஏழு இடத்தில் ஒளித்திருந்தது. கம்ப்யூட்டரை நிறுத்தித் திரும்பவும் போட்டேன். இந்த முறை சீடி முணுமுணுக்காமல் ஏறியது.

நாலு மணிக்கு அழைப்பு வந்தது. திரையில் முதலில் நெற்றி வந்தது. கொஞ்சம் பொறுத்து கண்ணாடி, பிறகு தாடி.

“ஐயோ, தாடி வேற!” என்றார் டீச்சர். பாரம் இன்னும் கையில் இருந்தது.

“டீச்சர், இனி பாரத்தில இந்தப் பேரையும் வெட்டலாமே,” என்று பகிடியாகப் பேனாவை நீட்டினேன்.

அவர் பேனாவை வாங்கி என் சட்டைப் பையிலேயே செருகினார். பாரத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துக் கலண்டருக்குப் பின்னால் வைத்துவிட்டு, கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.