மூச்சைப் பிடித்தால் குறையும் துடிப்பு

"...அதனாலதான் அந்த டாக்டரம்மாகிட்ட, என் நெஞ்சைத் தண்ணிக்குள்ள வச்சு அளந்து பாருங்கன்னேன். மேல இருக்கறப்ப அது பஸ்ஸைப் பிடிக்க ஓடுற மாதிரி ஓடுது. கீழ போனாத்தான் வீட்டுக்கு வந்த மாதிரி நடக்குது. நான் சொல்றது சரிதானே, ஏத்தா?" என்று கேட்டபடியே மதினி விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கடல்பாசி பறிக்கும்போது பாறை விரலைக் கிழித்துவிடும். அதற்குத்தான் இந்தச் சுற்று.

எங்களை ஏற்றிய சிறு படகான வல்லம் பாறைத் திட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கடல் எது வானம் எது என்று பிரிக்க முடியாத ஒரே வெளுப்பு. இப்படிப்பட்ட நாளுக்கென்று எங்கள் வல்லக்காரர் ஒரு பேச்சு வைத்திருக்கிறார்: "கடலு இன்னைக்குப் பால் குடிச்சிட்டுப் படுத்துருக்கு."

மதினி என் அண்ணன் பெண்டாட்டி. இருபது வருசத்துக்கு மேலாக நாங்கள் இருவரும் ஜோடி. ஒருத்தி முங்கினால் இன்னொருத்தியும் பக்கத்திலேயே முங்குவாள். அவளைப்போல் மூச்சடக்க எங்கள் கூட்டத்தில் ஆளில்லை. போன மாதம் இரண்டு தடவை மேலே வந்ததும் வல்லத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தலை சுற்றுகிறது என்றாள். அதனால்தான் நேற்று இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

பிரஷர் அதிகம் என்பது கையில் பட்டையைக் கட்டியதுமே தெரிந்துவிட்டது. டாக்டரம்மா அதோடு விடவில்லை. படுக்கவைத்து, இரண்டு கையிலும் இரண்டு கணுக்காலிலும் பட்டை கட்டச் சொன்னார். நெஞ்சு அடிக்கிற அடி கணுக்கால்வரை போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அந்த மெஷின் பார்க்குமாம்.

பட்டைகள் இறுகின. மதினி கண்ணை மூடி மூச்சைப் பிடித்துவிட்டாள். உடம்பை எது அழுத்தினாலும் அவளுக்கு அது தண்ணீர்தான். திரையில் ஓடிக்கொண்டிருந்த துடிப்பின் எண் மெல்ல மெல்ல இறங்கியது.

"அக்கா, மூச்சு விடுங்கக்கா!" என்று நர்ஸ் பதறினாள்.

மதினி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "ஏம்மா, குறையுதுல்ல? குறைக்கத்தானே வந்துருக்கோம்?"

மூன்று தடவை அளக்க வேண்டியதாயிற்று. கடைசியில் டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரத்தக்குழாய் ஒவ்வொரு அடிக்கும் விரிஞ்சு சுருங்கணும்மா. பிரஷரை ரொம்ப நாளா கவனிக்காம விட்டதுல உங்களுக்கு அது விறைச்சுப்போச்சு. விறைச்ச குழாயில அடி வேகமா போய் மோதும். துடிப்பும் வேகமா இருந்தா குழாய்க்கு ஆறி அடங்க நேரமே கிடைக்காது."

"அதான் முங்குனா மெதுவாகுதே!"

"துடிப்பு மெதுவாகும். மூச்சை அடக்குறப்ப பிரஷர் ஏறும். அந்தக் குழாய் அதைத் தாங்காது. கீழ மயக்கம் வந்தா யாரு தூக்குவா?"

மதினி என்னைக் கை காட்டினாள். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மூன்று மாதம் மாத்திரை, அதுவரைக்கும் தலை தண்ணீருக்குள் போகவே கூடாது என்று சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், "இது குழாயை இளக்குமா, என்னை முடக்குமா?" என்று கேட்டாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கீழே என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியுமே. முங்கிய கொஞ்ச நேரத்தில் வல்லத்தின் சத்தம், வீட்டின் சத்தம், மனசுக்குள் ஓடும் சத்தம் எல்லாம் மேலேயே நின்றுவிடும். பச்சை வெளிச்சம் பாறை மேல் ஆடும். பாசி எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, பிறகு ஒரே பக்கமாக நிமிரும். காதுக்குள் நம் நெஞ்சே யாரோ தூரத்தில் மாவு இடிப்பதுபோலக் கேட்கும். இடி விழ விழ, இடைவெளி நீண்டுகொண்டே போகும். அங்கிருந்து மேலே வர யாருக்குத்தான் மனசு வரும்?

வல்லம் நின்றது. மதினி விரல் துணியில் கடைசி முடிச்சைப் பல்லால் இறுக்கினாள். எப்போதும்போல் முங்கும் கண்ணாடியை மாட்டினாள். "மதினி, வேணாம்" என்றேன். "நீ முதல்ல குதிடி" என்றாள்.

குதித்தேன். முங்கிப் பாறையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். பக்கத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் பாறை மேட்டில் அவள் கால்கள் இரண்டும் இறங்கின. அடுத்து தலை வரும் என்று காத்திருந்தேன். என் காதுக்குள் இடி வேகமாக விழுந்தது.

தலை வரவில்லை. கைதான் வந்தது. வலது காலின் ரப்பர் செருப்பைக் கழற்றிக்கொண்டு மேலே போனது. வெறுங்கால் பாறைமேல் தடவித் தடவி வந்தது. ஒரு கொத்துப் பாசியைக் கண்டுபிடித்து, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் இடுக்கியது. ஒரு சுண்டு சுண்டிப் பறித்தது. பிறகு முழங்கால் மடங்கி, மெதுவாக, தண்ணீருக்கு மேல் காத்திருந்த கைக்கு அதைத் தூக்கிக் கொடுத்தது.