எஞ்சின் காசும் ஒரு புது எக்ஸ்சேஞ்சும்

போன் திருத்துகிற கடைக்கு வருகிற போன்களில் பாதிக்கு ஒரு கோளாறும் இருக்காது. கோளாறு அதை வைத்திருக்கிற ஆளிடம் இருக்கும், அதற்குக் கூலி கேட்க ஏலாது. என் கடை திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகிற வீதியில், மீன்பிடிப் படகுகள் கட்டுகிற இடத்துக்குக் கிட்ட. உங்கள் வீட்டிலும் போன் விளங்கின ஆள் நீங்கள்தான் என்றால், என் பாடு உங்களுக்குத் தெரியும்.

பின்கதவு

எங்கள் கரையில் மீன் பிடிக்கிற சவேரி அண்ணன் பழைய படகு எஞ்சினை விற்றுப்போட்டுப் புதிதுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார். அதுவரை வேறொருவரின் படகில் கூலிக்குப் போனார். சேர்த்த காசு போதவில்லை. அந்த நேரம் பார்த்து ஆரோ வட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பியிருக்கிறார்கள்: கிரிப்டோ காசு வாங்கி விற்கிற புது எக்ஸ்சேஞ்சாம், போட்டது இரட்டிக்குமாம். அதைத் தன் போனில் ஏற்றித் தரச் சொல்லி என்னிடம் வந்தார்.

பிளே ஸ்டோரில் தேடினேன். அந்தப் பெயரே இல்லை. லிங்கை அமத்தினால் மட்டும் இறங்குகிற செயலி அது. “உங்கட போனுக்குள்ள இது என்ன செய்யும் எண்டு எனக்கே தெரியாது அண்ணை” என்றேன். அண்ணன் எதிரில் இருக்கிற சாராயக் கடையைக் கையால் காட்டினார். “போயா நாளில குடி விக்கக் கூடாதெண்டு அவர் முன்கதவைப் பூட்டிப்போட்டுப் பின்கதவால குடுக்கேல்லையோ? நல்ல சாமான்தானே!”

அடையாள அட்டை

நான் மாட்டேன் என்றால் அடுத்த கடையில் ஏற்றிக்கொள்வார். அதனால் கடையில் சும்மா கிடந்த ஒரு பழைய போனில் இருந்ததை எல்லாம் அழித்து, அதில் ஏற்றிக் கொடுத்தேன். வங்கிக் கதை எதுவும் அந்தப் போனில் வேண்டாம் என்றும் சொன்னேன்.

கணக்குத் திறக்க அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் கேட்டது. அதை நல்ல எக்ஸ்சேஞ்சுகளும் கேட்கும். இது வங்கிப் புத்தகத்தையும், ஏரிஎம் கார்ட்டின் முன்னையும் பின்னையும் கேட்டது. நடத்துகிறவர்கள் யார், எந்த நாடு என்று மட்டும் ஓரிடத்திலும் இல்லை. அட்டையினதும் புத்தகத்தினதும் படங்களை அனுப்பின பிறகுதான் அண்ணனின் மனுசி றீற்றா அக்கா வந்தார். கார்ட்டைப் பறித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்: “என்னைப் பொம்பிளை பாக்க வந்தவை கூட இவ்வளவு கேக்கேல்லை. அவையாவது சாம்பல்தீவில இருந்து வாறம் எண்டு சொன்னவை.”

பொலித்தீன் பை

படகில் போகிறவர்கள் போனைப் பொலித்தீன் பையில் சுற்றி என்னிடம் தந்துவிட்டுப் போவார்கள். உப்புத் தண்ணி படாது, சார்ஜும் ஏறும்; அதற்குச் சின்னக் காசு ஒன்று வாங்குவேன். ஒருநாள் சவேரி அண்ணனின் பைக்குள் அவருடைய சொந்தப் போன் அடித்தது. எக்ஸ்சேஞ்சின் வாடிக்கையாளர் சேவையாம். “இப்ப ஒரு நம்பர் வரும், வாசியுங்கோ. அண்ணர் உங்களிட்டக் கேக்கச் சொன்னவர்.” நம்பர் வந்தது, அனுப்பினது வங்கி. எஞ்சின் காசு கிடக்கிற கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுகிற நம்பர். நான் அதை வாசிக்காமல் அழைப்பை வெட்டிவிட்டேன்.

பின்னேரம் கரைக்கு வந்த அண்ணன், நான் நம்பரைக் கொடுக்கவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். முதல் நாள் அவர்களிடம், ‘நாளைக்குக் கடல், கடைத் தம்பியைக் கேளுங்கோ’ என்று அவரேதான் சொல்லியிருக்கிறார். நான் அந்த நம்பரைக் காட்டினேன். “கடலுக்குப் போறவன் ஆரையோ நம்பித்தானே தம்பி கரையில விட்டிட்டுப் போகோணும்?” என்றார் அண்ணன்.

வாய் தாண்டி

வங்கிக் கடவுச்சொல்லை அன்றே மாற்றினோம். ஆனாலும் அண்ணனுக்கு ஆசை விடவில்லை. கொஞ்சக் காசு போட்டார். திரையில் ஏறியது. “எடுத்துப் பாருங்கோ” என்றேன். எடுத்தார், வந்தது! அடுத்த நாளே எஞ்சின் காசு முழுவதையும் போட வந்து நின்றார்.

“எஞ்சின் வாங்கேக்க எப்பிடிப் பாப்பியள் அண்ணை?”

“பீப்பாத் தண்ணியில ஓட விடுவம். பிறகு துறைமுக வாய் தாண்டிப் போய்த் திரும்புவம்.”

“இப்ப ஓடினது பீப்பாயில. இன்னும் கொஞ்சம் கூடப் போட்டு வாய் தாண்டிப் பாப்பம்.”

அண்ணன் எஞ்சின் காசைத் தொடவில்லை. இரண்டு கிழமைக் கூலியை மட்டும் போட்டார். அதை எடுக்கப் போனபோது, முதலில் வரி கட்டு என்றது. “உள்ளுக்கு இருக்கிறதில கழியுங்கோ” என்று எழுதுவித்தேன். பதில் இல்லை. இரண்டாம் நாள் வட்ஸ்அப்பில் அந்த ஆளும் இல்லை. போய்க் கேட்க முகவரி உள்ள ஒரு கந்தோர் கூடக் கிடையாது. றீற்றா அக்கா ஏசத் தொடங்குமுன் அண்ணன் முந்திக்கொண்டார்: “எஞ்சின் நடுக்கடலில நிண்டிட்டுது தம்பி. நல்ல காலம், நான் அதில ஏறேல்லை.”

எஞ்சின் காசு வங்கியில் அப்படியே கிடக்கிறது, அந்த எக்ஸ்சேஞ்ச் வேறு பெயரில் புது லிங்கோடு சுற்றுகிறது, நான் இன்றைக்கும் சார்ஜ் போட்ட காசு மட்டும்தான் வாங்குகிறேன்.