பின்னால் போனவன் குரல்

அக்காவுக்குக் கண் பார்வை முழுதாகப் போய் நான்கு வருடங்கள் ஆகின்றன. அவள் படத்தைக் காதால் பார்ப்பவள். யார் எந்தப் பக்கமிருந்து வருகிறார்கள், யார் கதவைத் திறக்கிறார்கள் என்று கேட்டே சொல்லிவிடுவாள். யாரிடமும் விளக்கம் கேட்பது அவளுக்குப் பிடிக்காது.

அவளுக்காகத்தான் அவள் கணவர், என் மச்சான், மாத்தளை வீட்டில் 'தியேட்டர் சவுண்ட்' அமைத்தார். அவர் த்ரீவீலர் ஓட்டுகிறார். ஒலியைப் பற்றிய அவர் அறிவு முழுவதும் அந்த வண்டியின் பின்சீட்டுக்கு அடியில் கிடைத்தது. முன்னால், கூரையை ஒட்டி இரண்டு புதுப் பெட்டிகள். சோபாவுக்குப் பின்னால் வண்டியிலிருந்து கழற்றிய இரண்டு ஸ்பீக்கர்கள். மூலையில் ஜன்னல் கண்ணாடியை ஆட்டும் பேஸ் பெட்டி. எல்லாவற்றிலும் நீல விளக்கு எரிந்தது. விளக்கு யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

முதல் படத்துக்கு நானும் உட்கார்ந்தேன். படத்தில் ஒருவன் பேசிக்கொண்டே நடந்து பின்னால் போனான். முன்பெட்டியில் மனிதனாகப் பேசியவன், பின்னால் போனதும் தகரப் பீப்பாய்க்குள் விழுந்தவன் மாதிரிப் பேசினான்.

"இது யாரு, புதுசா?" என்றாள் அக்கா.

"அதே ஆளுதான். ஒழுங்கா கேளு," என்றார் மச்சான்.

எண்ணினேன். ஒன்பது தடவை கேட்டாள். பிறகு கேட்கவில்லை, பாதியில் எழுந்துபோய் வெங்காயம் உரித்தாள். மச்சான் கவனிக்கவில்லை. குண்டு வெடிக்கப்போகிறதென்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு அவர் ஆளேற்றிக்கொண்டு கலேவெலவுக்கு ஹயர் போனார். நான் பின்ஸ்பீக்கர்களையும் பேஸையும் கழற்றி, எல்லாக் குரலும் முன்பெட்டிகளிலேயே வரும்படி ரிமோட்டில் ஸ்டீரியோவுக்கு மாற்றினேன். ஒரே வகையான முன்பெட்டிகள் இரண்டையும் இறக்கி அக்காவின் காது உயரத்தில் வைத்து, அதே படத்தை முதலிலிருந்து போட்டேன். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

படம் முடியும் நேரத்தில் மச்சான் வந்தார். "என்னங்க மாப்புள, சுத்திவர சவுண்டே இல்ல?"

"சுத்திவர வேணாங்க," என்றாள் அக்கா. "எனக்கு ஆள் தெரிஞ்சா போதும். அந்த ரெண்டையும் வண்டியிலயே மாட்டிக்குங்க."

மாட்டிக்கொண்டார். வீட்டுக்கு வருகிறவர்களிடம், தானே உட்கார்ந்து 'டியூன்' பண்ணியதாக இப்போது சொல்கிறார். அக்கா மறுப்பதில்லை. படம் முடியும்வரை எழுந்திருப்பதுமில்லை.