கூரையைத் தொடாத சுவர்

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டவள் காளியாயி. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளோடு வீட்டுச் சங்கதிகளையும் அவளிடம்தான் விட்டுப் போவார்கள். எதுவும் அவளைத் தாண்டிப் போனதில்லை. நாகலெட்சுமி புல்லுக்கு அடிக்கும் மருந்தைக் குடித்த சங்கதியும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவள் காளியாயி. லயத்து வரிசை வீடுகளில் அதை வயிற்றுவலி என்று சொல்லிவைத்தாள். உண்மை தெரிந்தால் மாமியார் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு நாகலெட்சுமியைத் துரத்திவிடுவாள்.

2003இல், தோட்டத்துப் பெண்கள் ஏன் உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்று ஆராய, யாழ்ப்பாணத்து யோகராணி பல்கலைக்கழகக் கம்பசிலிருந்து வந்தாள். பெயர் எங்கும் வராது என்று வாக்குக் கொடுத்தாள். துணைக்குப் போன காளியாயியை நம்பித்தான் பெண்கள் வாய் திறந்தார்கள்.

ஆனால் லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்கும் சுவர் கூரையைத் தொடுவதில்லை. முதல் வீட்டில், "நித்திரை ஒழுங்கா வருதா?" என்று யோகராணி கேட்டதும் அடுத்த வீட்டு வேலாயியின் குரல் சுவருக்கு மேலால் வந்தது:

"அவளுக்கா? அவ விடுற கொறட்டையில நாங்கதான் மிஸ் தூங்குறதில்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். யோகராணியும் சிரித்தாள்.

வேலாயிக்கு அந்தப் பக்கம் நாகலெட்சுமி வீடு. அங்கே யோகராணி கேட்டாள்:

"சாகவேணும் எண்டு எப்பவாவது நினைச்சனீங்களா?"

நாகலெட்சுமி யோகராணியை நெருங்கிக் குனிந்தாள். வேலாயி வீட்டு அம்மிச் சத்தம் நின்றுவிட்டிருந்தது. காளியாயி சட்டென்று எழுந்தாள்.

"அவளுக்கு அப்படியெல்லாம் ஒண்ணுமில்லைங்க. வாங்க மிஸ், மழை வருது."

வழியில் யோகராணி கேட்டாள். "ஏனக்கா மறிச்சனீங்கள்?"

"சொவரப் பாத்தீங்கதானே? நீங்க கேட்டுட்டு பஸ் ஏறிருவீங்க. அவதான் இங்க இருக்கணும்."

யோகராணியின் முகம் வாடிப்போயிற்று. "வீட்டுக்குள்ள வைச்சுக் கேட்டது என்ர பிழை" என்றாள்.

மறுநாள் காலை பிள்ளையை விட வந்த நாகலெட்சுமி முகம் கொடுத்துப் பேசவில்லை.

"ஒன்னயக் காப்பாத்தத்தானே புள்ள..."

"காதோட சொல்லத்தான் கிட்டப் போனேன். ஏன் குடிச்சேன்னு இதுவரைக்கும் யாரு கேட்டா? நீங்க கேட்டீங்களாக்கா?"

காளியாயி கேட்டதில்லை. அடுத்தவர் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டதே போதுமென்று இருந்துவிட்டாள்.

யோகராணிக்குச் சொல்லியனுப்பினாள். மாலையில் பிள்ளைகளெல்லாம் போன பிறகு இருவரையும் காம்பராவுக்குள் உட்காரவைத்தாள்.

"எழுதலாமான்னு அவகிட்டயே கேட்டுக்குங்க மிஸ். எழுத வேணாம்னு சொன்னாலும் அவ சொல்றத முழுசாக் கேளுங்க."

யோகராணி பேனாவைப் பைக்குள் வைத்தாள். "கேட்டிட்டு விட்டிட்டுப் போகமாட்டன் அக்கா. டொக்டரிட்டப் போக விரும்பினா நானும் கூடப் போறன்."

காளியாயி கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கோப்பைகளைக் குழாயடிக்கு எடுத்துப் போய் மறுபடியும் கழுவத் தொடங்கினாள். உள்ளே அழுகை எழுந்தபோது, வார்த்தைகள் தன் காதில் விழாதபடி குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.