விரிப்பில் ஒரு ஓட்டை

அவரை எல்லோரும் ‘மெதுவா’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய கார் பட்டறைக்கு வண்டி எடுக்க யார் வந்தாலும் அந்த ஒரு சொல்லோடுதான் சாவியைக் கொடுப்பார். பழுது பார்த்த வண்டியின் முதல் ஓட்டத்துக்கு மட்டும் அவர் போகமாட்டார். சொந்தக்காரர் ஓட்டுவார், இவர் வாசலில் நின்று சத்தம் தேய்ந்து மறையும்வரை காது கொடுத்துக் கேட்பார். “சமைச்சவரே சாப்பிட மாட்டேங்கிறாரே” என்று கேலி செய்வார்கள். அவரும் சிரித்துவைப்பார். இரும்பு எப்போது கைவிடும் என்று யாருக்குத் தெரியும்?

அந்தப் பயத்தில் பிறந்ததுதான் துணி வழக்கம். எஞ்சினைப் பிரித்ததும், தூசோ திருகோ விழாதபடி, திறந்து கிடக்கும் துளைகளையெல்லாம் துணியால் அடைப்பார். ஒரு வேலைக்கு ஒரு பழைய பூப்போட்ட படுக்கைவிரிப்பு. தேவைப்பட்டபோது அதிலிருந்து கிழித்துக்கொள்வார். வேலை முடிந்ததும் துண்டுகளைத் தரையில் பரப்பி, பூவோடு பூ சேர்த்து, விரிப்பை முழுசாக்கிப் பார்ப்பார். முழுசானால் எஞ்சினுக்குள் எதுவும் தங்கவில்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் சாவி கைமாறும்.

மனைவியின் தம்பி ஒருநாள் தன் காரோடு வந்தான். “மாமா, இதுக்கு டர்போ போட்டுக் குடுங்க. ஏத்தத்துல லாரிக்காரன்கூட என்னைத் தாண்டிப் போறான்.”

“இது டர்போவுக்குச் செஞ்ச எஞ்சின் இல்ல, மாப்ளே. தானா மூச்சு விட்டுப் பழகினவன் வாயில துருத்தியை வச்சு ஊதற மாதிரி. நெஞ்சு தாங்கணும்.”

“எஞ்சின் நெஞ்சா, உங்க நெஞ்சா?”

மனைவி சிரித்துவிட்டாள். அதற்கு மேல் அவரால் மறுக்க முடியவில்லை. மற்றவர் முன்னால் பயந்தாங்கொள்ளி ஆகலாம், மச்சினன் முன்னால் ஆக முடியுமா?

வேலை சுலபமில்லை. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனைச் சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். நடுவில் அந்தத் தண்டு ஆயிலில் மிதந்தபடி சுழலும். வந்த ஆயில் கீழே எஞ்சினின் ஆயில் தொட்டிக்கு இறங்கிவிட வேண்டும். இந்த எஞ்சினில் அதற்கு வழியே கிடையாது. தொட்டியில் புதிதாகத் துளை போட்டு ஒரு சின்னக் குழாயைப் பற்றவைத்தார். மச்சினன் கேட்ட அழுத்தத்தில் பாதிதான் வைத்தார். அதை அவனிடம் சொல்லவில்லை.

மாலையில் கடைசித் திருகை முறுக்கியதும் அவன் ஓட்டுநர் இருக்கையில் ஏறிவிட்டான். சாவி வண்டியிலேயே இருந்தது. “மலைப்பாதையில ஒரு சுத்து. ஏறுங்க மாமா.”

“இரு. துணியை அடுக்கணும்.”

“போர்வை எங்கயும் ஓடிடாது.”

“அவரை ஏன்டா இழுக்கற, நான் வர்றேன்” என்று மனைவி பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். இறக்கிவிடச் சொல்ல அவர் வாயெடுத்தார். வந்த சொல் “மெதுவா” என்பதுதான்.

சத்தம் தேய்ந்த பிறகு விரிப்பைப் பரப்பினார். மஞ்சள் பூக்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஒரு ஓரத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் தரை தெரிந்தது. மேசைக்கு அடியில் தேடினார். கருவிப்பெட்டியைக் கவிழ்த்தார். தன் சட்டைப்பையைக்கூட உதறினார். பிறகு ஞாபகம் வந்தது. பற்றவைத்த சின்னக் குழாய்க்குள் மண் போய்விடுமோ என்று பயந்து துணியால் அடைத்திருந்தார். அதன் மேலேயே டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயை மாட்டி இறுக்கிவிட்டிருந்தார்.

ஆயில் இறங்க வழியில்லை. டர்போவுக்குள் தேங்கி, கசிந்து, பழுக்கக் காய்ந்த இரும்பின் மேல் சொட்டும். அதற்கு மேல் அவர் மனம் போக மறுத்தது.

மனைவிக்குப் போன் போட்டார், அது பின்னாலிருந்த வீட்டுக்குள் ஒலித்தது. மச்சினன் எடுக்கவில்லை. பட்டறையைத் திறந்து போட்டபடி ஸ்கூட்டரைக் கிளப்பினார். வாழ்நாளில் ஓட்டாத வேகம். ஒவ்வொரு வளைவிலும் புகையைத் தேடினார். தெரியக்கூடாதே என்றும் தேடினார். அடுத்த ஏற்றத்தில் கருகிய ஆயில் வாடை மூக்கில் ஏறியது.

வளைவுக்கு அப்பால் கார் ஓரமாக நின்றது. எஞ்சின் மூடி திறந்திருக்க, நீலப் புகை மெலிதாக எழுந்துகொண்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை.

“இங்க இருக்கோம்” என்றாள் மனைவி, தள்ளியிருந்த கைப்பிடிச் சுவரிலிருந்து.

“இன்னும் ரெண்டு மிதி மிதிச்சா புகை அடங்கியிருக்கும் மாமா. அக்கா விடல. நிறுத்தலன்னா கதவைத் திறந்துடுவேன்னு மிரட்டுது.”

“உங்க சட்டையை நான்தானே துவைக்கிறேன்” என்று அவள் அவரைப் பார்த்தாள். “கருகின ஆயில் வாடை சட்டையில வந்தா பரவால்ல. வண்டியில வரலாமா?”

வண்டியின் சூடு ஆறும்வரை அவர் சாலையிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு அடியில் படுத்து ரப்பர் குழாயைக் கழற்றி, அந்தத் துண்டை உருவினார். கறுப்பில் ஒரு மஞ்சள் இதழ் மட்டும் மிஞ்சியிருந்தது.

“நான்தான் உள்ள விட்டுட்டேன்” என்றார். “அடுக்கிப் பாக்காம உங்களை அனுப்பியிருக்கக் கூடாது.”

அவர் குழாயை மாட்டி, வண்டியில் டப்பாவிலிருந்த ஆயிலை ஊற்றி, சாவிக்குக் கை நீட்டினார்.

“நீங்களா?” என்றான் மச்சினன்.

“நீ ஸ்கூட்டர்ல அக்காவைக் கூட்டிட்டு முன்னால போ. மெதுவா.”

அவர்கள் வளைவில் மறைந்த பின்பே எஞ்சினைக் கிளப்பினார். கண்ணாடி வழியே புகை வருகிறதா என்று பார்த்தபடி, முதல் கியரிலேயே மலையிறங்கினார்.