நீல வண்டியின் நம்பர்

போன வருஷம் ஜூலை மாதம் நடந்தது இது. மாண்ட்ரியலிலிருந்து செயின்ட் லாரன்ஸ் ஆற்றை ஒட்டியே கிழக்கே போகிற பழைய சாலையில் நானும் என் கணவரும் மூன்று நாள் சைக்கிள் பயணம் கிளம்பியிருந்தோம். வழியெல்லாம் பிரெஞ்சுக்காரர்களின் சின்னச் சின்ன கிராமங்கள். தகரக் கூரை பளபளக்கிற மாதா கோயில்கள், சுவர் ஒரு முழம் தடிமனுள்ள பழங்காலத்துக் கல்வீடுகள், நடுநடுவே சோளக்காடு. ஆசை முழுக்க அவருடையது. சர்க்கரைக்கு இன்சுலின் போட ஆரம்பித்த பிறகு டாக்டர் இவரை நடக்கத்தான் சொன்னார். இவர் போய் சைக்கிள் வாங்கினார், கூடவே எனக்கும் ஒன்று.

எனக்கு யாரையும் லேசில் நம்பிப் பழக்கமில்லை. வீட்டில் அவர் என்னை சிஐடி என்றுதான் கூப்பிடுவார். அதற்குக் காரணமும் உண்டு. மாண்ட்ரியலில் நாங்கள் குடியிருக்கும் நோத்ர-டாம்-த-கிரேஸில், எங்கள் அடுக்குமாடி வாசலில் பூட்டி வைத்த இரண்டு சைக்கிள்கள் காணாமல் போயிருக்கின்றன. மூன்றாவதில் சீட்டை மட்டும் கழற்றிக்கொண்டு போனார்கள். பாயிண்ட்-கிளேரில் வேலை முடிந்து வரும்போது ஒருநாள் பஸ்ஸில் ஒரு ஆள், நான் என் ஊருக்கே திரும்பிப் போகலாம் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். அதற்குப் பிறகு புது முகம் எதைப் பார்த்தாலும் என் மனசு முதலில் கதவைச் சாத்திக்கொள்ளும்.

ஆகவே பயணத்துக்கும் ஏற்பாடு செய்திருந்தேன். சைக்கிளில் மாட்டுகிற பையைத்தான் திருடன் முதலில் தூக்குவான் என்று, இவருடைய இன்சுலின் பேனாக்களைக் குளிர் உறையோடு ஒரு மஞ்சள் துணிப்பைக்குள் ஒளித்து வைத்தேன். கல்யாண வீட்டில் தேங்காய் போட்டுக் கொடுக்கிற தாம்பூலப் பைதான். அதை என் சைக்கிளின் பின் கேரியரில் மழைக்கோட்டுக்கு அடியில் செருகி ரப்பர் கயிற்றால் கட்டினேன். இதற்குள் முக்கியமான பொருள் இருக்கும் என்று யாருக்காவது தோன்றுமா என்று கேட்டேன். தனக்கே தோன்றவில்லை என்றார் அவர்.

இரண்டாம் நாள் காலை ஒரு கிராமத்தில், தெப்பானர் என்று இங்கே சொல்லுகிற பெட்டிக்கடையில் தண்ணீர் வாங்க நின்றோம். நான் வெளியே வரும்போது அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் எங்கள் சைக்கிள்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் அவருடைய நீல நிற பிக்கப் வண்டி. எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். மாண்ட்ரியல் என்றேன். அதற்கு முன்னால் எங்கிருந்து என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்லாமல் பூட்டைத் திறந்து கிளம்பிவிட்டேன்.

ஒரு மணி நேரம் மிதித்திருப்போம். ரயில் தண்டவாளம் ஒன்றைக் கடந்தபோது சைக்கிள் நன்றாகத் தூக்கிப் போட்டது. அதற்குப் பிறகு கொஞ்ச தூரத்தில் பின்னாலிருந்து ஹாரன் சத்தம். அதே நீல வண்டி. என் பக்கத்தில் மெதுவாக வந்து, கையை ஆட்டி ஆட்டி என் பின்பக்கத்தைக் காட்டி ஏதோ கத்தினார். ஆற்றங்காற்றில் ஒன்றும் காதில் விழவில்லை. என்ன கேவலமான கிண்டலோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வண்டி எங்களைத் தாண்டிப் போனது.

அடுத்த வளைவில் பார்த்தால், வண்டியை ஓரங்கட்டிவிட்டு மனிதர் இறங்கி நிற்கிறார். கையில் என்னவோ ஒரு துணி. நான் அவர் முகத்தையும் வண்டி நம்பரையும்தான் பார்த்தேன், துணியைப் பார்க்கவில்லை. முன்னால் போன என் கணவர் பிரேக் பிடித்தார். நான் சாலையின் அந்தப் பக்கம் ஒதுங்கி, அவரை முந்திக்கொண்டே சொன்னேன்.

"நிக்காதீங்க. பேசாம என் பின்னாடி வாங்க."

வந்தார். அது எங்கள் வீட்டு வழக்கம். மூச்சு வாங்க மிதித்துக்கொண்டே நம்பரை வாய்விட்டுச் சொல்லி மனப்பாடம் செய்தேன். ஒரு மரத்தடியில் நின்று, எங்கள் மேல்மாடியில் குடியிருக்கிற யாழ்ப்பாணத்து அக்காவுக்கு அதை அனுப்பினேன். ஒரு ஆள் எங்களைத் தொடர்ந்து வருகிறான், எதற்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்று. எழுதி வைத்துவிட்டதாக உடனே பதில் வந்தது.

அடுத்து அந்த வண்டி, எப்போது எங்களைத் தாண்டிப் போனதோ, எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. கடையை விட்டுக் கிளம்பிய பிறகு இது மூன்றாவது தடவை. வலது பக்கம் வயலுக்குள் சைக்கிள் மட்டும் போகிற சரளைப் பாதை ஒன்று பிரிந்தது. கார் நுழையாமலிருக்க நடுவில் கம்பம் நட்டிருந்தார்கள். அதற்குள் சைக்கிளைத் திருப்பினேன். திரும்பிப் பார்த்தபோது அந்த மனிதர் கம்பத்துக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். தப்பித்தோம் என்று எனக்கு ஒரே பெருமை.

பெருமை அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை. ஒரு மேப்பிள் மரத்தடி மேசையில் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் எடுத்து வைத்தேன். அவர் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்துவிட்டு ஊசியைக் கேட்டார். மழைக்கோட்டைத் தூக்கினேன். ரப்பர் கயிறு தளர்ந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. மஞ்சள் பை இல்லை.

ஊசி போடாமல் அவர் சாப்பிட முடியாது, சாப்பிடாமல் மிதிக்க முடியாது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கிராமத்து மருந்துக்கடை திறந்திருக்குமா என்று தெரியாது. அப்போதும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? காலையில் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றானே, அவன்தான் உருவியிருக்கிறான் என்று தீர்மானித்துவிட்டேன்.

"எடுத்தவன் எதுக்கும்மா நம்ம பின்னாடியே வரணும்?" என்றார் அவர்.

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. போதைக்காரர்கள் ஊசிக்கு அலைவார்கள், இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வந்திருப்பான் என்றேன். அக்காவுக்குப் போன் செய்து, அந்த நம்பரைப் போலீசில் சொல்லிவிடச் சொன்னேன். என் பிரெஞ்சைவிட அக்காவின் பிரெஞ்சு நன்றாக இருக்கும்.

"ஓம், இப்பவே போன் அடிக்கிறன். நீங்கள் முதல்ல அவரைக் கவனியுங்கோ" என்றார் அக்கா.

மருந்துக்கடையை விசாரிக்கலாம் என்று அடுத்த கிராமத்துக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டே போனோம். அவர் உதடு காய்ந்திருந்தது. மாதா கோயிலுக்கு எதிரே ஒரு ரொட்டிக்கடை. சைக்கிள்காரர்களுக்காக வாசலில் தண்ணீர்க் குழாயும் சைக்கிள் நிறுத்துகிற கம்பியும் வைத்திருந்தார்கள். அந்தக் கம்பியில், மணமகன் மணமகள் பெயரெல்லாம் தமிழில் அச்சடித்த என் மஞ்சள் பை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

வெறும் பைதான். நான் அதைத் தொட்டதுமே கடைக்காரப் பெண் வெளியே வந்து, குளிர்பெட்டியிலிருந்து உறையை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? நன்றி சொல்லவில்லை. உறையைத் திறந்து பேனாக்களை எண்ணினேன். மூடி உடைந்திருக்கிறதா, ஊசி குறைகிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். எல்லாம் சரியாக இருந்தது, சில்லென்றும் இருந்தது.

பிறகு அவள் எனக்குப் புரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். தண்டவாளத்துப் பக்கம் பை கிடந்ததாம். காலையில் எங்கள் சைக்கிள்களைப் பார்த்திருந்ததால் அந்த மனிதருக்கு யாருடையது என்று தெரிந்திருக்கிறது. வெயிலில் மருந்து கெட்டுவிடும் என்று தன் மதியச் சாப்பாட்டை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, ஐஸ் பெட்டியில் உறையை வைத்திருக்கிறார். சைக்கிள்காரர்கள் தண்ணீருக்கு எப்படியும் இந்தக் கடைக்கு வருவார்கள், பையை வெளியே தொங்கவிடு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அவ்வளவு தூரம் வந்தவர் ஏன் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை என்று என் கணவர் கேட்டார்.

"நீங்கள் அவரைப் பார்த்துப் பயந்துவிட்டீர்களாம். இங்கேயும் அவரைப் பார்த்தால் நிற்காமல் போய்விடுவீர்கள் என்றார்" என்றாள் அவள்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அக்காவின் ஞாபகம் வந்து பதறிப் போன் செய்தேன். வீட்டுப் போனில் பிடித்த போலீஸ் லைனில் பாட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள், இன்னும் ஆள் வரவில்லை என்றார். வேண்டாம் அக்கா, வைத்துவிடுங்கள், அவர் நல்லவர் என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கணவர் ஊசி போட்டுக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்து நாலு சப்பாத்தி சாப்பிட்டார். என்னை ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. சிஐடி என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

செப்டம்பரில் காரில் திரும்ப அந்த ரொட்டிக்கடைக்குப் போனோம். கையில் ஒரு டப்பா மைசூர்பாகு. அவர் அந்த ஊர்க்காரர் இல்லை, பெயரும் தெரியாது, அதற்குப் பிறகு வரவும் இல்லை என்றாள் அந்தப் பெண். மைசூர்பாகை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தோம்.

நான் ஒன்றும் அடியோடு மாறிவிடவில்லை. சைக்கிளுக்கு இன்றும் இரண்டு பூட்டுதான். பஸ்ஸில் கேட்ட அந்தப் பேச்சும் மறக்கவில்லை. ஆனால் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் இப்போது நின்று, முதலில் அவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன். தன் சாப்பாட்டை வெயிலில் வைத்துவிட்டு என் கணவரின் மருந்தைக் காப்பாற்றிய அந்த மனிதரைப் பற்றி என்னிடம் மிச்சமிருப்பது, போலீசில் கொடுப்பதற்காக நான் குறித்து வைத்த வண்டி நம்பர் ஒன்றுதான். அதை என் போனிலிருந்து அழிக்க இன்றுவரை மனம் வரவில்லை.