ஊசி தாண்டிய இடம்

அன்று ஹாலில் இருந்தது ஐந்து பேர். வீட்டுக்கார அக்கா, அவரோடு மலேசியாவில் ஈப்போவில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு தோழிகள், பக்கத்து அறையில் வாடகைக்கு இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணா, நான். இல்லாதது ஒருத்திதான், அக்காவின் மகள். அவள் அறைக்கதவு சாத்தியிருந்தது. ஒத்திகைக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே பஸ் பிடித்து எங்கோ போய்விட்டாள். அவள் இல்லாமல் போனதைத்தான் நான் முதலில் குறித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை. சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு மூன்று பெண்களும் கார்பெட்டில் வரிசையாக நின்றார்கள். மூவருக்கும் ஐம்பதைத் தாண்டிய வயது. நான் இசைத்தட்டின் மேல் ஊசியை வைத்தேன். மணி அடிப்பது போன்ற அந்தக் கீபோர்டு ஆரம்பம், பிறகு டிரம் மிஷின், பிறகு பாட்டு. மூன்று பேரும் ஒரே நேரத்தில் இடது காலை எடுத்துவைத்தார்கள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நீண்ட டிரம் பகுதிக்குள் நுழைகிற இடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். பாடுகிறவளின் ஒரே சொல் நான்கு தடவை வந்தது. பிறகு ஊசி அந்தப் பகுதி முழுவதையும் தாண்டிக் கடைசிச் சரணத்தில் போய் விழுந்தது. மூன்று பேரும் பாதிச் சுற்றில் நின்றுவிட்டார்கள்.

"என்னா தம்பி இது, குதிக்குது?" என்றார் மாசி என்ற புறநகரிலிருந்து வந்திருந்த தோழி.

மறுபடி வைத்தேன். அதே இடம், அதே சொல், அதே நான்கு தடவை. அக்கா இசைத்தட்டைப் பார்க்காமல் மகளின் அறைக்கதவைப் பார்த்தார். நானும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் பிற்பாதியில் அமெரிக்காவில் மூன்று பெண்கள் சேர்ந்து பாடிய பாட்டு அது. ஃப்ரீஸ்டைல் என்று அந்த வகைக்குப் பெயராம். அக்கா வீட்டுக்கு நான் குடிவரும்வரை அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. காதலன் நேற்று எங்கே போயிருந்தான் என்று துருவித் துருவிக் கேட்கிற பாட்டு. பெரிய இசைத்தட்டு, ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு, நடனத்துக்காகவே நீட்டிப் போட்டது. அட்டையில் மூன்று பெண்களும் தலைமுடியைக் குடை மாதிரி விரித்துக்கொண்டு நிற்பார்கள். இணையத்தில் இதே பாட்டு கிடைக்கிறது, ஆனால் குறுக்கியது. டிரம் பகுதி அதில் இல்லை. அக்காவும் தோழிகளும் பதினாறு வயதில் அமைத்த அசைவுகளில் பாதி அந்த டிரம் பகுதிக்காகவே அமைத்தவை.

பள்ளி விழாவில் ஆடுவதாக இருந்தார்களாம். அன்று காலையில் தலைமையாசிரியை உடையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு ஆளுக்கொரு திசை, கல்யாணம், வேலை, விசா. மூன்று பேரும் நியூசிலாந்தில் ஆக்லாந்தில் வந்து சேர இத்தனை வருடங்கள் ஆகியிருக்கின்றன. மகளின் இருபத்தோராவது பிறந்தநாளுக்கு மவுண்ட் ரோஸ்கில்லில் தேவாலயக் கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார் அக்கா. இந்த ஊரில் இருபத்தொன்று என்றால் கல்யாணத்துக்கு அடுத்தபடி. அந்த மேடையில் இந்த முறையாவது முழுதாக ஆடிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அக்காவுக்கு. அதற்கு மூன்று வாரங்கள் இருந்தன.

பாட்டை லேப்டாப்பில் பதிந்து தருவதாக நான் சொல்லியிருந்தேன். கம்ப்யூட்டர் ஹெல்ப்டெஸ்க் வேலை பார்க்கிறவன், ஒரு கேபிள் வாங்கினால் போதும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டிருந்தேன். இசைத்தட்டை இசைப்பெட்டியின் மேலேயே விட்டுவைத்ததும் நான்தான். ஆனால் அன்று இது எதையும் நான் என் கணக்கில் சேர்க்கவில்லை. யார் செய்தது என்பதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் அண்ணாவைச் சந்தேகப்பட்டேன். அவர் பஸ் ஓட்டுகிறார். விடியற்காலை ஒரு ஷிப்ட், மாலையில் ஒரு ஷிப்ட், நடுவில்தான் தூக்கம். அந்த டிரம் சத்தம் சுவர் வழியாகத் தலைமாட்டுக்கு வருகிறது என்று ஏற்கனவே குறைப்பட்டிருந்தார். அன்று மத்தியானம் அவர் தேங்காய்ப்பூ அரைத்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"அண்ணா, இந்த வாரம் அந்தப் பெட்டிகிட்ட போனீங்களா?"

மிக்ஸியை நிறுத்தினார். "என்னைச் சந்தேகப்படுறீரோ?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கிற ஆள் மிக்ஸி ஓடேக்க வந்து கேக்கமாட்டான். ஓம், அந்தப் பாட்டு எனக்குத் தலையிடிதான். அதுக்காக ஒரு பொம்பிளை முப்பது வரியத்துக்கு மேல காத்து வைச்சிருக்கிற சாமானில கை வைப்பனோ? இந்த வீட்டில உம்மை விட அந்தப் பெட்டியை ஆர் தொடுறது?"

அவர் கடைசியாகச் சொன்னதை நான் நிதானமாக யோசித்திருக்க வேண்டும். வாயை அடைக்கத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது மகள். அவளைச் சந்தேகப்பட எனக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. அம்மா எல்லார் முன்னாலும் ஆடப்போகிறாள், நான் செத்தேன் என்று பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து போனில் யாரிடமோ ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டிருந்தேன். இன்னொன்று, வியாழக்கிழமை காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது ஹாலில் அவள் தனியாக நின்றுகொண்டிருந்தாள். பெட்டியின் மூடி திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் மூடினாள்.

இதை அக்காவிடம் சொன்னேன். அந்த வீட்டில் நான் செய்த மிகத் தவறான காரியம் அதுதான். அக்கா முதியோர் இல்லத்து வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஷூ லேசைக் கட்டியபடியே கேட்டார்.

"கண்ணால பாத்தியா, அவ கை வெச்சத?"

"மூடி தெறந்திருந்துச்சு அக்கா. என்னைப் பாத்ததும் மூடிட்டாங்க."

"ஹ்ம்." லேசை இறுக்கி முடிச்சுப் போட்டார். "அவளுக்கு வெக்கம் தம்பி. எனக்குத் தெரியும்லா. ஆனா இவ்ளோ தூரம் போவான்னு நெனைக்கல."

அன்று சாயங்காலம் அவர்கள் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. அக்கா தமிழில் கேட்டார், மகள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். இல்லை என்று இரண்டு முறை சொன்னாள். மூன்றாவது முறை அதைச் சொல்லவில்லை. அப்படியானால் பிறந்தநாளே வேண்டாம், கூடத்தை ரத்து செய்துவிடுங்கள் என்றாள். அதற்குப் பிறகு மூன்று நாள் அந்த வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சமைத்துத் தனித்தனியாகச் சாப்பிட்டோம். குளிர்சாதனப் பெட்டியில் என் பால் குறைந்திருக்கிறதா என்றுகூடப் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை வேலையில் ஒருவர் பிரிண்டர் ஓடவில்லை என்று போன் செய்தார். வழக்கமாகக் கேட்கும் இரண்டு கேள்விகளைக் கேட்டேன். கடைசியாக எப்போது சரியாக ஓடியது? அதற்குப் பிறகு எதை மாற்றினீர்கள்? எதையும் மாற்றவில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எதையோ மாற்றியிருப்பார்கள், அதை மாற்றம் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது அதே கேள்விகளை இசைத்தட்டுக்குக் கேட்டுப் பார்த்தேன். கடைசியாகச் சரியாக ஓடியது முந்தின சனிக்கிழமை. அதற்குப் பிறகு யாரும் பாட்டே போடவில்லை. மகள் வியாழக்கிழமை மூடியைத் திறந்தாள். ஏன் திறந்தாய் என்று அவளிடம் நானும் கேட்கவில்லை, அக்காவும் கேட்கவில்லை. செய்தாயா என்று மட்டும்தான் கேட்டிருந்தோம்.

வீட்டுக்குப் போய் அவள் கதவைத் தட்டினேன். அப்போதும் அவளைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

"மூடிய எதுக்குத் தெறந்தீங்க?"

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு போனை எடுத்துத் தேடி என் முகத்துக்கு நேராக நீட்டினாள். பார்க்க அழகாக இருந்தது, போட்டோ எடுத்தேன், அவ்வளவுதான் என்றாள், ஆங்கிலத்தில்.

படத்தில் இசைப்பெட்டி இருந்தது. அதன் மூலைக்கொன்றாக என் கையால் வைத்த சந்தனப் பொட்டு. ஊசி பொருத்திய கம்பியின் நுனியிலும் ஒன்று, தாராளமாக, அதன் மேல் குங்குமம். அதிலிருந்து உதிர்ந்த சிவப்புத்தூள் கறுப்புத் தட்டின் மேல் விரல் அகலத்துக்குப் பரவிக் கிடந்தது.

புதன்கிழமை ஆயுத பூஜை. அப்பா போர்வெல் லாரியில் வேலை பார்ப்பவர். எங்கள் வீட்டில் ஸ்பேனர், ஜாக்கி, டார்ச் லைட் எதுவும் அன்று பொட்டில்லாமல் இருக்காது. புத்தகம் என்று ஒன்று பூஜைக்கு வந்தது நான் பள்ளிக்கூடம் போன பிறகுதான். எங்கள் வீட்டார் யாரும் தொட்டிராத பொருட்களுக்கெல்லாம் இங்கே நான் ஒருவனே பொட்டு வைத்தேன். லேப்டாப், மோடம், ரைஸ் குக்கர், அக்காவின் இசைப்பெட்டி. பூஜையில் வைத்ததை மறுநாள்வரை எடுக்கக் கூடாது என்பதால் அப்படியே விட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் வந்து, பழைய டி-ஷர்ட் ஒன்றால் காய்ந்த சந்தனத்தை அழுத்தித் துடைத்தேன். இசைத்தட்டையும் சேர்த்துத்தான். நன்றாகப் பளபளக்கிறது என்று திருப்திகூடப் பட்டேன்.

இசைத்தட்டின் மேல் டார்ச் அடித்துப் பார்த்தேன். டிரம் பகுதி தொடங்கும் இடத்தில் வரிகளுக்குக் குறுக்கே நான் துடைத்த திசையிலேயே மெல்லிய கீறல்கள். அவற்றுக்குள் சிவப்பு. அண்ணாவைச் சந்தேகப்பட்டேன், அந்தப் பெண்ணைச் சந்தேகப்பட்டேன். சாமி கும்பிட்டதைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவேயில்லை.

மகள் என் பின்னால் வந்து நின்றிருந்தாள். அது உடைந்துபோக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது உண்மை, ஆனால் ஆசைப்படுவது வேறு, செய்வது வேறு என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். சரி என்று அவள் சொல்லவில்லை.

அக்கா வேலையிலிருந்து வந்ததும் ஷூவைக் கழற்றக்கூட விடாமல் சொல்லிவிட்டேன். படத்தையும் காட்டினேன். அண்ணா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஊசி மேலயா பொட்டு வெச்ச?"

"ஆமா அக்கா."

"என்னா வேண்டிக்கிட்ட?"

"வேலை பெர்மனென்ட் ஆகணும்னு."

"என் பாட்டுக்கு ஒண்ணும் வேண்டலையா?"

"கண்ட சாமானுக்கெல்லாம் பொட்டு வைக்க வெளிக்கிட்டு, என்ர பஸ்ஸின்ர ஸ்டியரிங்கில வைக்காமல் விட்டீரே, அது பெரிய காரியம்" என்றார் அண்ணா.

அக்கா சிரிக்கவில்லை. மகளின் கதவுக்குப் போய் நின்று தட்டினார். அம்மா என்று சொல்லாமல், வெளியாள் போலத் தன் பெயரைச் சொல்லி, உள்ளே வரலாமா என்று கேட்டார். உள்ளே பேசியது எனக்குக் கேட்கவில்லை. கேட்கிற தூரத்தில் நிற்காமல் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

தண்ணீரில் கழுவிப் பார்த்தோம். சந்தனம் போனது, கீறல் போகவில்லை. வேறொரு பிரதியை இணையத்தில் தேடிப்பிடித்தது மகள்தான். நீட்டிய பதிப்புதானா என்று விற்பவரிடம் நிமிடக்கணக்கைக் கேட்டு எழுதினாள், டிரம் பகுதியை மட்டும் போட்டுப் பதிந்து அனுப்பச் சொன்னாள். ஏமாற்றுக்காரனாக இருக்கலாம் என்றேன். உங்களுக்கு எல்லாரும் அப்படித்தான் என்றாள், தமிழில்.

பார்சல் விழாவுக்கு நான்கு நாள் முன்னால் வந்தது. கூடத்தில் ஊசியை வைத்தவள் அவள். மூன்று பேரும் ஆடி முடிக்கும்வரை மேடையைப் பாதியும் என் கைகளைப் பாதியுமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரம் பகுதி முழுதாக வந்தது. ஏவன்டேலில் இருக்கும் இன்னொரு தோழி ஒரு சுற்றில் எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டார். அக்கா அவர் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டு ஆடினார்.

பணம் முழுவதையும் நான் தருவதாகச் சொன்னேன். அக்கா விடவில்லை, வீட்டில் இருக்கும் நாலு பேருக்குமாகப் பிரித்தார், அண்ணாவும் ஒரு பங்கு வைத்தார். இசைத்தட்டு, கூரியர், வரி, புது ஊசி எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது இருநூற்றுப் பன்னிரண்டு டாலர்.